எதிர்க்கடை

ஆடி மாதம் கல்யாண மண்டபங்களுக்கு ஓய்வு மாதம். அதனால், நான் துப்புரவு வேலைக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருந்த சாத்தூர் மண்டபத்து மேலாளர் போனில் "அண்ணாச்சி, இனிமே ஆள் அனுப்ப வேண்டாம்" என்றபோது, ஆவணி பிறந்ததும் தானாகக் கூப்பிடுவார் என்றே நினைத்தேன். இரண்டு நாள் கழித்து ஒரு கிளினிக்கில் அதையே சொன்னார்கள். வாரக் கடைசியில் ஒரு வீட்டிலும் சொன்னார்கள். மூன்று இடத்துக்கும் போய்க்கொண்டிருந்தது ஒரே அக்கா. திங்கட்கிழமை காலை ஏழாயிரம்பண்ணை பஸ் நிறுத்தத்தில் மற்றப் பெண்கள் எல்லாம் நின்றார்கள், அவர் இல்லை. "அக்கா முந்தின பஸ்லயே போயிட்டாக" என்றாள் ஒரு பெண், என் முகத்தைப் பார்க்காமல்.

நம்மிடம் வேலை பார்த்தவரே நமக்குப் போட்டியாகிவிடுவதைச் சொல்ல எங்கள் பக்கத்து வியாபாரிகளுக்கு ஒரே சொல் போதும். எதிர்க்கடை. 'அவன் எதிர்க்கடை போட்டுட்டான்' என்று ஒருவர் சொன்னால், கேட்கிறவர் வேறு விவரம் கேட்க மாட்டார். உச்சுக்கொட்டிவிட்டு டீ சொல்வார். எனக்கும் அன்றைக்கு நாலைந்து பேர் டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

டீயோடு யோசனையும் வந்தது. "வேலைக்குச் சேரும்போதே முத்திரைத்தாள்ல எழுதி வாங்கியிருக்கணும் மாப்ளே" என்றார் மச்சான். தீப்பெட்டி ஆபீஸ் நடத்துகிற நண்பர் வேறு வழி சொன்னார்: "இருபதாயிரம் அட்வான்ஸ் குடுத்து வச்சிருந்தா எங்க போவா?" இங்கே ஆலைக்கெல்லாம் ஆபீஸ் என்றுதான் பெயர். தீப்பெட்டி ஆபீஸ், பயர் ஆபீஸ். கட்டை அடுக்குகிறவர்களும் பெட்டி ஒட்டுகிறவர்களும் வேறு ஆபீசுக்குப் போய்விடாமல் இருக்க, முன்பணம் கொடுத்துப் பிடித்து வைப்பது இந்த வட்டாரத்துப் பழைய பழக்கம்.

இரண்டு யோசனையையும் ஒரு வக்கீலிடம் கொண்டுபோனேன். இரண்டையும் அவர் ஐந்தே நிமிடத்தில் தள்ளிவிட்டார்.

முன்பணத்தைக் காட்டி ஒருவரை வேறு வேலைக்குப் போகவிடாமல் கட்டிப்போடுவது கொத்தடிமை முறைக்குள் வரும். 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது குற்றம். அந்தக் கடனே செல்லாது. "ஆளும் போவா, அட்வான்சும் போகும், நீங்களும் உள்ள போவீங்க" என்றார்.

முத்திரைத்தாளுக்கு அவர் சொன்ன பதில்தான் எனக்குப் புதிது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 27-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. ஒருவர் முறையான ஒரு தொழிலைச் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம், எந்த அளவுக்குத் தடுக்கிறதோ அந்த அளவுக்குச் செல்லாது. அந்தப் பிரிவே சொல்லும் விலக்கு ஒன்றுதான்: தொழிலை அதன் நற்பெயரோடு சேர்த்து விற்றவர், வாங்கியவருக்குப் போட்டியாக அதே வட்டாரத்தில் கடை போடமாட்டேன் என்று எழுதிக் கொடுக்கலாம். வேலையில் இருக்கிற காலத்துக்கு மட்டும் கட்டுப்பாடு போடலாம் என்று உச்ச நீதிமன்றம் 1967-இல் நூல் ஆலை ஊழியர் ஒருவரின் வழக்கில் ஒப்புக்கொண்டது. வேலையை விட்டுப் போன பிறகு, ஒரு வருஷம் என்று எழுதினாலும் ஒரு தெரு என்று எழுதினாலும் நிற்காது.

1874-இல் கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு ஒன்றையும் சொன்னார். ஒரே வட்டாரத்தில் இரண்டு போட்டிக் கடைக்காரர்கள். ஒருவர் மற்றவரிடம், "நீ இங்கே கடையை மூடிவிடு, உன் ஆட்களுக்குக் கொடுத்திருக்கிற முன்பணத்தை நான் தந்துவிடுகிறேன்" என்றார். அவர் மூடினார், பணம் வரவில்லை, வழக்குப் போட்டார். அந்த ஒப்பந்தமே செல்லாது என்று நீதிமன்றம் அனுப்பிவிட்டது. முன்பணமும் எதிர்க்கடையும் நம் ஊர்ச் சரக்கு என்று நினைத்திருந்த எனக்கு, கல்கத்தாவில் நூற்றைம்பது வருஷத்துக்கு முன்பே அது கோர்ட் ஏறியிருப்பது ஒருவித ஆறுதலாக இருந்தது.

பிறகு நானாகத் தேடிப் படித்ததில் இன்னொன்றும் தெரிந்தது. இந்த 27-ஆம் பிரிவு நியூயார்க்குக்காக டேவிட் டட்லி ஃபீல்ட் என்ற வழக்கறிஞர் எழுதிய வரைவிலிருந்து வந்தது. நியூயார்க் அதை ஏற்கவில்லை. கலிபோர்னியா ஏற்றது, அதே 1872-இல். 1957-இல் அங்கே எட்டுப் பொறியாளர்கள் தங்கள் முதலாளி ஷாக்லியை விட்டு வெளியேறி ஃபேர்சைல்ட் செமிகண்டக்டரைத் தொடங்கினார்கள். அந்த எட்டில் இருவர் 1968-இல் அங்கிருந்தும் வெளியேறி இன்டெலைத் தொடங்கினார்கள். சிலிக்கான் பள்ளத்தாக்கும் ஒருவகையில் எதிர்க்கடைகளின் தெருதான்.

அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. 1922-இல் சிவகாசியிலிருந்து பி.அய்ய நாடாரும் ஏ.சண்முக நாடாரும் கல்கத்தாவுக்கு ரயில் ஏறினார்கள். தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொள்ளத்தான். அங்கே அந்தத் தொழிலை நடத்தியவர்கள் ஜப்பானியக் குடும்பங்கள். அவர்களிடம் உள்ளூர்க்காரர்கள் கற்றார்கள். அங்கிருந்து நம்மவர்கள் கற்றார்கள். 1923-இல் சிவகாசியில் ஆலை தொடங்கியது. 1926-இல் இருவரும் மனக்கசப்பில்லாமல் பிரிந்து தனித்தனியே நடத்தினார்கள். அங்கே வேலை கற்றவர்கள் சாத்தூர், கோவில்பட்டி, ஏழாயிரம்பண்ணை என்று பரவினார்கள். நேற்றைய போர்மேன் இன்றைய முதலாளி. மளிகைக் கடையிலும் இதே கதைதான்: பொட்டலம் மடித்த கடைப்பையன் பத்து வருஷத்தில் தனிக்கடை வைப்பான், முதலாளியே வந்து குத்துவிளக்கு ஏற்றுவார். கற்றவனைப் போகவிடாமல் பூட்டியிருந்தால் இந்தக் கரிசல் காட்டில் இன்றைக்கும் மழையைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம்.

இதையெல்லாம் படித்த பிறகும் கோபம் அடங்கவில்லை. ஒருநாள் சாயங்காலம் அந்த அக்கா வீட்டு வாசலுக்கே போய்விட்டேன். அவர் பதறவில்லை. திண்ணையில் உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். பிறகு கேட்டார்:

"தப்பா நெனைக்காதீக அண்ணாச்சி. அஞ்சு வருஷத்துல அந்த மண்டபத்துக்கு நீங்க எத்தன தடவ வந்தீக? பில்லு குடுக்க ஒரு தடவ. பில்லுக்குக் காசு வரலன்னு ஒரு தடவ."

திரும்பி வரும் வழியெல்லாம் கணக்குப் போட்டேன். மண்டபம் எனக்கு மாதம் 9,000 ரூபாய் கொடுத்தது. நான் அக்காவுக்கு 5,500 கொடுத்தேன். மேலாளர் அவரை நேராக 7,500-க்கு வைத்துக்கொண்டார். மண்டபத்துக்கு 1,500 மிச்சம், அக்காவுக்கு 2,000 கூடுதல். கூட்டினால் 3,500. நான் எடுத்துக்கொண்டிருந்த தொகையை இருவரும் பைசா பிசகாமல் பங்கிட்டிருக்கிறார்கள். பினாயிலும் மாப்பும் மண்டபத்துடையவை. கூட்டியதும் கழுவியதும் அக்கா. அந்த 3,500-க்கு நான் என்ன செய்தேன்? பேரேட்டில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

இன்னொரு கணக்கும் இருந்தது. அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இந்தத் தொழிலுக்கு வருமுன் நான் ஒரு மொத்தக் கடையில் லைன் போய்க்கொண்டிருந்தேன். பினாயில், ஆசிட், பிளீச்சிங் பவுடர். பேங்க், கிளினிக், மண்டபம், பள்ளிக்கூடம் என்று ஆர்டர் எடுப்பேன். 2018 அக்டோபர் 23-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புகளைச் சேர்க்கக் கூடாது என்றது. நவம்பரில் பயர் ஆபீஸ்கள் மூடின. தீபாவளிக்குப் பிறகு சில வாரம் மூடுவது வழக்கம். அந்த முறை மாதக் கணக்கில் திறக்கவில்லை. எங்கள் தெருப் பெண்கள் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். பொங்கல் வருகிறது, வெள்ளையடிப்பும் ஒட்டடையும் தண்ணீர்த் தொட்டியும் எல்லா இடத்திலும் காத்திருக்கின்றன. எந்த இடத்தில் யாரைக் கேட்க வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். ஏனென்றால் அது என் முதலாளியின் ஆர்டர் புத்தகம். முதலில் ஆட்களை மட்டும் அனுப்பினேன். ஆறு மாதத்தில் பினாயிலையும் மதுரையில் நானே வாங்கிக் கொடுக்க ஆரம்பித்தேன். அவர் என் வாசலுக்கு வரவில்லை. வந்திருந்தால் தண்ணீர் கொடுத்திருப்பேனா என்று சொல்ல முடியவில்லை.

இதிலும் சட்டம் ஒரு மெல்லிய கோடு போட்டிருக்கிறது. ஒரு நிறுவனம் பாடுபட்டுத் தொகுத்த வாடிக்கையாளர் பட்டியலை ஊழியர் அப்படியே நகல் எடுத்துக்கொண்டு போவது தவறு என்று டெல்லி உயர் நீதிமன்றம் 1995-இல் சொன்னது. அதே நீதிமன்றம் 2006-இல், ஒரு வங்கி ஊழியர் வேலையின்போது பழகி அறிந்த வாடிக்கையாளர்களை மறந்துவிட வேண்டும் என்று யாரும் கேட்க முடியாது என்றது. நோட்டு முதலாளியுடையது, நினைவு தொழிலாளியுடையது. நான் நோட்டை எடுக்கவில்லை, அக்காவும் எடுக்கவில்லை. அதனால் இருவரும் யோக்கியர் என்று நான் வாதாடப் போவதில்லை.

அந்த ஆடிக்குப் பிறகு சில வழக்கங்களை மாற்றினேன். ஒவ்வொரு மாதமும் முதல் ஐந்து தேதிக்குள் எல்லா இடத்துக்கும் நானே போகிறேன். பில்லைப் பையிலேயே வைத்துக்கொண்டு முதலில் கழிப்பறையைப் பார்க்கிறேன். ஒரு பெண் வராவிட்டால் எட்டு மணிக்குள் மாற்று ஆள் அங்கே நிற்க வேண்டும். இதற்காகவே இரண்டு பேர் கூடுதல். தரை தேய்க்கும் மிஷின் ஒன்றும் தொட்டி கழுவும் பம்பு ஒன்றும் வாங்கினேன். தனியாள் வாங்க முடியாத பொருள் அவை. ஒரே ஆளை ஒரே இடத்தில் வருஷக்கணக்கில் விட்டுவிடாமல், இரண்டு பேரை மாற்றி மாற்றி அனுப்புகிறேன். எங்கள் ஆள் ஒருவர் பிடித்துக் கொண்டுவரும் புது இடத்தில் அவருக்கு மாதாமாதம் ஒரு பங்கு உண்டு.

காகிதமும் உண்டு. ஆனால் கையெழுத்து வாங்குவது வேலைக்கு வரும் பெண்களிடம் அல்ல, வேலை கொடுக்கும் இடத்தில். எங்கள் ஆளை நேராக வைத்துக்கொண்டால் இத்தனை மாதத் தொகை எங்களுக்குத் தர வேண்டும் என்று ஒரு வரி. இப்படி இரண்டு நிறுவனங்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்வது 27-ஆம் பிரிவில் அடிபடாது, ஆளைத் தடுக்க முடியாவிட்டாலும் நஷ்ட ஈடு கேட்கலாம் என்று 2006-இல் விப்ரோ தொடர்ந்த வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கூலிக்கு வருபவரைக் கட்டுவதைவிட, கூலியை மிச்சம் பிடிக்க நினைப்பவரைக் கட்டுவது நியாயமாகப் பட்டது. அந்த வரியைக் காட்டி இதுவரை யாரிடமும் பணம் கேட்டதில்லை.

பெண்களிடம் சொல்லியிருப்பது இவ்வளவுதான்: தனியாகப் போக நினைத்தால் ஒரு மாதம் முன்னால் சொல்லுங்கள். மிஷின் வாடகைக்குத் தருகிறேன். இரண்டு பேர் அப்படிச் சொல்லிவிட்டுப் போனார்கள். இரண்டு பேரும் வாடகை ஒழுங்காகத் தருகிறார்கள்.

போன தை மாதம் இரவு ஒன்பது மணிக்குப் போன் வந்தது. அந்த அக்காதான். மகளுக்குப் பிரசவ வலி, கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் இருக்கிறார். "நாளைக்கு முகூர்த்தம் அண்ணாச்சி. நாலு ஆள் வேணும்." அனுப்பினேன். பில்லை அக்கா பெயருக்கே போட்டேன். மூன்றாம் நாள் பணத்தைக் கொண்டுவந்து கொடுத்தார், கூடவே ஒரு பை சேவும்.

மண்டபம் இன்றைக்கும் அவரிடம்தான் இருக்கிறது. கிளினிக் என்னிடம் திரும்பி வந்துவிட்டது. மூன்றாவது இடமான அந்த வீட்டுக்கு இப்போது அவரும் போவதில்லை, நானும் ஆள் அனுப்புவதில்லை; அவர்கள் வாக்குவம் கிளீனர் வாங்கிவிட்டார்கள்.