வயசு காரணமில்லை!

பழைய கம்ப்யூட்டர் திணறினால், வயசாகிவிட்டது என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள்.

ரிடையரான என் அப்பா தன் ஊர் நினைவுகளை டைப் செய்வது எங்கள் பழைய டெஸ்க்டாப்பில்தான். கூடவே பிரவுசரையும் திறந்தால் எழுத்து விழவே நேரமாகும். அலுத்துப்போய் எழுதுவதையே நிறுத்திவிட்டார்.

டாஸ்க் மேனேஜரில் பார்த்தேன். 4 ஜிபி ரேமும் நிரம்பியிருந்தது. அப்படி நிரம்பினால், மிச்சத்தை மெதுவான ஹார்ட் டிஸ்க்கில் வைத்து வைத்து எடுக்கும். தாமதம் அதனால்தான்.

நல்லவேளை, ஒரு ஸ்லாட் காலி; விண்டோஸும் 64 பிட். டிடிஆர்3 ஸ்லாட்டில் டிடிஆர்4 நுழையாது என்பதால், பழைய ரேமைக் கழற்றி ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கே எடுத்துப்போய், அதே வகையில் இன்னொரு 4 ஜிபி வாங்கினேன். பவர் ஒயரைப் பிடுங்கிவிட்டு, 'க்ளிக்' சத்தம் வரும்வரை அழுத்தினேன். அவ்வளவுதான் வேலை.

அப்பா இப்போது தன் பள்ளிக்கூட நாட்களை எழுதிக்கொண்டிருக்கிறார்.