இந்துமதி அக்கா டீம்

கொல்லிமலை செம்மேடு பஸ் ஸ்டாண்ட் பக்கம் டீயோட நின்னுட்டிருந்தேன்.
ஒரு பந்து உருண்டு வந்து கால்ல முட்டுச்சு.
பின்னாடியே ஒரு பொண்ணு. ஏழாவதோ எட்டாவதோ படிக்கும். கால்ல ரப்பர் செருப்பு.

"அண்ணா, பந்து."

ஸ்டைலா ஒரு உதை விட்டேன்.
பந்து நேரா மிளகுக் கொடிக்குள்ள.
அவ சிரிச்சிருந்தாக்கூட பரவால்ல. பாவமா பார்த்தா. 😐

"யாரைப் பிடிக்கும்?"னு கேட்டேன். மெஸ்ஸின்னு சொல்லுவான்னு பார்த்தா, "இந்துமதி அக்கா"ங்கறா.

கடலூர் இந்துமதி கதிரேசன். நம்ம போலீஸ் எஸ்.ஐ.
அவங்க ஆடுன மதுரை சேது எஃப்சி, 2019 மே மாசம் லூதியானாவுல மணிப்பூர் போலீஸை 3-1னு சாய்ச்சு இந்திய மகளிர் லீக் கோப்பையைத் தூக்குச்சு.
ஊர்ல ஒரு பட்டாசு வெடிச்ச மாதிரி எனக்கு ஞாபகம் இல்ல.

அந்த லீக் மொத்தமே ஒரே ஊர்ல, ஒரே மாசத்துல முடிஞ்சிடுச்சுங்க. நம்ம ஊர் கல்யாண சீசன்கூட அதைவிட நீளம். சொந்த ஊர், வெளியூர்னு மாறி மாறி ஆடுறதெல்லாம் 2023-24லதான் வந்துச்சு.

ஜப்பான் பொண்ணுங்க 2011லயே உலகக் கோப்பை ஜெயிச்சவங்க. அவங்களுக்கே முழுநேரத் தொழில்முறை லீக் 2021லதான், 11 கிளப்போட. அதனால நாம ரொம்ப லேட்டுன்னு சொல்லமாட்டேன். ஆனா அங்க ஆட்டம்தான் வேலை. இங்க பாதிப் பேருக்கு வேலை வாங்கத்தான் ஆட்டம்.

சரி, விஷயத்துக்கு வரேன்.
கொல்லிமலைல இருந்து 70 வளைவு இறங்கினா, நாமக்கல், சேலம் பக்கம் பொண்ணுங்களுக்கு ஒழுங்கா ஃபுட்பால் கோச்சிங் எங்க நடக்குது? ஹாஸ்டலோட இருந்தா இன்னும் நல்லது.
யாருக்காவது தெரியுமா?