அம்மாவின் சுங்குடியும் ஒன்பது கட்டமும்

7,000 அடி உயரத்துல, கோடைக்கானல் குளிருக்கு எத்தனை போர்வை இருந்தாலும் பத்தாதுங்க. அம்மா போனப்புறம் அவங்களோட சின்னாளபட்டி சுங்குடிச் சேலை பெட்டியிலேயே கிடந்தது. ஓரமெல்லாம் நைஞ்சு போச்சு. தூக்கிப் போட மனசு வரலை. சரி, ஒட்டுப்போர்வை தைக்கலாம்னு கத்தரியை எடுத்தேன்.

12 இன்ச் சதுரம், வரிசைக்கு மூணு துண்டு, அப்போ துண்டுக்கு 4 இன்ச். இதான் என் கணக்கு. சுங்குடியில அஞ்சு, வெள்ளைக் காடாவுல நாலு வெட்டித் தைச்சா... 11 தான் வருது! ஒவ்வொரு பக்கமும் தையலுக்குக் கால் இன்ச் விட்டு, நாலரையா வெட்டியிருக்கணும்.

பிரிக்கப் போனா நைஞ்ச துணி கிழியுது. அழுகையே வந்துடுச்சு. அப்புறம் மீதியையும் 4 இன்ச்சாவே வெட்டிட்டேன். எல்லாக் கட்டமும் ஒரே அளவா இருந்தா பொருந்திடும்ல?

போர்வை கொஞ்சம் குட்டையாத்தான் வரும். பரவாயில்லை, அம்மாவும் குள்ளம்தான்.