நாமக்கோழி 116

திண்டுக்கல்லில் பறவை பார்க்கிறோம் என்று சொன்னால் முதலில் வரும் கேள்வி, "அங்க ஏது தண்ணி?" கேட்பவர்மேல் தப்பில்லை. பூட்டு, பிரியாணி, மலைக்கோட்டை என்று மூன்று வார்த்தையில் அடக்கிவிடுகிற ஊர் இது. ஒரு பக்கம் சிறுமலை, இன்னொரு பக்கம் கீழ்ப்பழனி மலை, நடுவில் காய்ந்த சமவெளி. குடிக்கிற தண்ணீருக்கு ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கத்தையும், அது போதாமல் காவிரியையும் எதிர்பார்த்துக் கிடக்கிறோம். குடகனாறு என்று ஓர் ஆறு இருப்பதே பாலத்தில் பலகை வைத்திருப்பதால்தான் பலருக்குத் தெரியும்.

ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் நாலு நல்ல மழை பெய்துவிட்டால் இதே சமவெளி வேறு ஊராகிவிடும். ஒரு குளம் நிரம்பி, மறுகால் பாய்ந்து, அடுத்த குளத்துக்குப் போகும். மார்கழியில் பைக்கை எடுத்துக்கொண்டு எந்தத் திசையில் போனாலும் ஏதோ ஒரு கரை மேல் நாமக்கோழி சத்தம் கேட்கும். சித்திரைக்குள் எல்லாம் முடிந்துவிடும். அந்த நாலைந்து மாதம்தான் எங்கள் குழுவுக்கு சீசன்.

குழு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பதிவு, தலைவர், சந்தா எதுவும் கிடையாது. ஒரு வாட்ஸ்அப் குழு. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் அக்கா, பூட்டுப் பட்டறையில் வேலை செய்யும் அண்ணன், மூன்று நான்கு கல்லூரிப் பிள்ளைகள், நான். ஆளுக்கு ஒரு பைனாகுலர் இல்லை, எட்டுப் பேருக்கு மூன்று. ஞாயிறு காலை ஐந்தரைக்கு பஸ் ஸ்டாண்டு டீக்கடை. வாத்தியார் ஐந்து இருபத்தைந்துக்கே வந்து நின்று மற்றவர்களை முறைப்பார்.

புதிதாகச் சேருகிறவர்களை முதலில் செம்பட்டி வழியாக ஆத்தூருக்குக் கூட்டிப்போவோம். மலை அடிவாரம், விரிந்த நீர், தூரத்தில் கூழைக்கடாக்கள் மெதுவாக மிதந்து வரும். யாருக்கும் பிடித்துப்போகும். படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பார்கள். அடுத்த வாரமும் வருவார்கள். அதற்கடுத்த வாரம் எங்கள் குளத்துக்குக் கூட்டிப்போவோம். அங்கேதான் பாதிப்பேர் கழன்றுகொள்வார்கள்.

அந்தக் குளத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. பெயர் வெளியே போனால் வலை போடுகிறவனும் வருவான், கூட்டுக்குப் பக்கத்தில் போய் நின்று படம் எடுக்கிறவனும் வருவான். இரண்டாமவன் கையில் துப்பாக்கி இல்லை என்பதால் நாம் அவனை மன்னித்துவிடுகிறோம். டவுனிலிருந்து பைக்கில் அரைமணி நேரத் தூரம் என்பது போதும். ஊராட்சிக் குளம். ஒரு பக்கம் கரை, கரையில் பனை வரிசை, மடை, அதற்குக் கீழே தென்னையும் கொஞ்சம் நெல்லும். கரையில் நின்றால் பிளாஸ்டிக் பாட்டில்கள் காலில் தட்டும். அதிசயப் பறவை எதுவும் அங்கே வந்ததில்லை. அதைத்தான் நான்கு வருடமாக எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

எண்ணுவது என்றால் உண்மையிலேயே எண்ணுவது. பொங்கலை ஒட்டி நான்கு நாள் தமிழ்நாடு முழுக்கப் பறவைகளை எண்ணும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு 2015இல் தொடங்கியது. குறைந்தது கால்மணி நேரம் ஓரிடத்தில் நின்றோ நடந்தோ, கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் ஒன்று விடாமல் எழுதி, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் நடத்தும் இ-பேர்ட் தளத்தில் ஏற்ற வேண்டும். "ஒன்று விடாமல்" என்பதுதான் முக்கியம். காக்காயையும் எழுதணும், மைனாவையும் எழுதணும். எல்லாவற்றையும் எழுதினால்தான் பட்டியலில் இல்லாத பறவைக்கும் ஓர் அர்த்தம் வரும். அரிதானதை மட்டும் எழுதிவிட்டுப் போகிறவரின் பட்டியலில், தவிட்டுக்குருவி இல்லையென்றால் அது அங்கே இல்லையா, அவர் மதிக்கவில்லையா என்று யாருக்குத் தெரியும்?

அமெரிக்காவில் இதற்கு ஒரு முன்கதை உண்டு. கிறிஸ்துமஸ் அன்று இரண்டு அணியாகப் பிரிந்து, யார் அதிகம் சுடுவது என்று போட்டி வைத்து வேட்டைக்குப் போகும் பழக்கம் அங்கே இருந்தது. ஃபிராங்க் சாப்மன் என்ற பறவையியலாளர், சுடுவதற்குப் பதிலாக எண்ணலாமே என்றார். 1900 டிசம்பர் 25 அன்று 27 பேர் எண்ணினார்கள். அது இன்றுவரை நடக்கிறது. நம் பக்கத்திலும் பொங்கலை ஒட்டி முயல் வேட்டைக்குப் போவது பல ஊர்களில் வழக்கமாக இருந்ததுதான். பட்டறை அண்ணனே சின்ன வயதில் போயிருக்கிறார். "அப்பவும் விடியக்காலைல எந்திரிச்சு இதே கரைலதான் நிப்போம், இதே மாதிரி பேசக் கூடாதும்பாங்க" என்று சிரிப்பார். நீர்க்காகம் எந்தப் பக்கம் எழும்பும் என்று எங்கள் எல்லோருக்கும் முன்னால் அவருக்குத் தெரிந்துவிடுவதற்குக் காரணம் அதுதான். புத்தகம் படித்து வந்தவர்களுக்கு அந்தக் கண் கிடையாது.

இப்படி ஆயிரக்கணக்கானவர்கள் ஏற்றிய பட்டியல்களை வைத்துத்தான் 2023இல் இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை வந்தது. 942 வகைகளைப் பார்த்திருக்கிறார்கள். மயில் பெருகுகிறது என்கிறது அறிக்கை. அதை எங்கள் ஊர் விவசாயியிடம் சொன்னால் "இதுக்கு ஒரு அறிக்கையா?" என்பார். பனங்காடை குறைகிறது, அதன் நிலையை உலக அளவில் மறுபடி மதிப்பிட வேண்டும் என்று சொல்லப்பட்ட 14 வகைகளில் அதுவும் ஒன்று. கரன்ட் கம்பியில் மண் நிறத்தில் உட்கார்ந்திருந்து, பறக்கும்போது மட்டும் நீலமாக விரிகிற அந்தப் பறவை இந்தச் சமவெளிக்கே உரியதுபோல இருக்கும். குறைகிறது என்று படித்த பிறகு பஸ்ஸில் போகும்போதுகூடக் கம்பியைப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது.

பறவைக் கட்டுரை என்றால் சத்திமுத்தப் புலவரின் நாரையைக் கொண்டுவராமல் யாரும் விடுவதில்லை. நான் விட்டுவிடுகிறேன். அதற்குப் பதில் சோளக்குருவி. புத்தகத்தில் சூறைக்குருவி என்றிருக்கும். மத்திய ஆசியப் புல்வெளியில் வெட்டுக்கிளி தின்று குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்கு நம் சோளக்காட்டுக்கு வந்துவிடும். சீனாவின் சிஞ்சியாங் பகுதியில் வெட்டுக்கிளியைத் தின்கிறது என்று இதற்குக் கூடு வைக்க இடம் கட்டிக் கொடுக்கிறார்கள். நம் ஊரில் தகரம் தட்டி விரட்டுகிறார்கள். இரண்டும் நியாயம்தான். ஒரே பறவை ஓர் ஊருக்குக் காவல்காரன், இன்னொரு ஊருக்குத் திருடன்.

கரையில் பைனாகுலரோடு நின்றால் ஊர்க்காரர்கள் முதலில் கேட்பது, "ரோடு போடப் போறாகளா தம்பி?" நாலு வழிச்சாலைக்கு நிலம் போன பக்கம். நோட்டும் கண்ணாடியும் வைத்துக்கொண்டு தூரத்தைப் பார்க்கிறவன் என்றால் அளக்க வந்தவன்தான். கொக்கு எண்ணுகிறோம் என்றால் இன்னும் சந்தேகம். "எண்ணி?" அந்தக் கேள்விக்கு ரொம்ப நாள் எங்களிடம் பதில் இல்லை. நர்ஸ் அக்கா மட்டும் ஒருமுறை, "டெய்லி பிபி பாக்குற மாதிரி ஆத்தா" என்றார். அந்தக் கிழவிக்கு அது புரிந்தது.

முதல் வருடம் ஜனவரியில் அந்தக் குளத்தில் பவளக்காலி 64. ஊதா கலந்த சிவப்பில் நீண்ட கால்கள், முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டே சேற்றைக் கொத்தும். பொறி உள்ளான் 23. உப்புக்கொத்தி 17. நாமக்கோழி வெறும் 40. அந்த வருடம் கோடையில் பொக்லைன் வந்தது. குளத்தின் கிழக்குப் பாதியை ஆழப்படுத்தினார்கள். வண்டல் மண்ணை விவசாயிகள் டிராக்டரில் அள்ளிப் போனார்கள். அடுத்த ஜனவரியில் குளம் ததும்பி நின்றது. நாமக்கோழி 116. சின்ன நீர்க்காகம் 212. முக்குளிப்பான் 38. பவளக்காலி 9, அதுவும் மேற்கு மூலையில் மட்டும்.

பழைய குளங்களுக்குக் கரை ஒரு பக்கம்தான். எதிர்ப்பக்கம் உள்வாய், தட்டுபோல மெல்ல மெல்ல ஏறும். தண்ணீர் அங்கே கணுக்கால் அளவுக்கு வந்து, வாரா வாரம் பின்வாங்கி, ஈரச் சேற்றை விட்டுப்போகும். உள்ளானுக்கும் பவளக்காலிக்கும் அந்தச் சேறுதான் சோறு. ஆழமான தண்ணீர் அவற்றுக்குச் சிமென்ட் தரை மாதிரி. நாலு பக்கமும் செங்குத்தாகத் தோண்டினால் குளம் பெட்டியாகிவிடுகிறது. முக்குளிக்கத் தெரிந்தவை பிழைத்துக்கொள்ளும், நடக்கிறவை போய்விடும். வாட்ஸ்அப்பில் கல்லூரிப் பிள்ளைகள் கொதித்தார்கள், "குளத்தைக் கொன்னுட்டாங்க" என்று.

கொல்லவில்லை. மடைக்குக் கீழே தென்னை வைத்திருப்பவரிடம் பேசினால் தெரியும். "முன்ன மாசியிலயே கெணறு வத்திரும். இப்ப சித்திரை வரைக்கும் கெடக்கு. உங்க குருவிக்காக நான் லாரித் தண்ணி வாங்கவா?" இதற்கு என்ன பதில் சொல்வது? எனக்கு இன்றைக்கும் அவர் சொன்னதில் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை. பறவை இருந்தால் நல்ல தண்ணீர் என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. டவுனையொட்டிச் சாக்கடை தேங்குகிற பள்ளத்தில் பவளக்காலி இங்கே இருந்ததைவிட அதிகமாக நிற்கிறது. அதற்கு வேண்டியது ஆழம் குறைந்த சேறு, சுத்தம் அல்ல.

இரண்டாவது கட்டமாக மேற்குப் பாதியையும் தோண்டப் போகிறார்கள் என்று தெரிந்ததும், வாத்தியார் ஒரு மனு எழுதினார். குளத்தை ஆழப்படுத்த வேண்டாம் என்று எழுதவில்லை. நடுவில் எவ்வளவு வேண்டுமானாலும் தோண்டுங்கள், மேற்கு உள்வாயைச் சரிவாகவே விடுங்கள் என்று மட்டும். கூடவே இரண்டு வருடப் பட்டியல். ஜனவரி 26 கிராம சபை. பொங்கல் கணக்கெடுப்பு முடிந்து ஒரு வாரம். தார்பாய்ப் பந்தல், தெருவிளக்கு, நூறு நாள் வேலை, ரேஷன் எல்லாம் பேசி முடித்த பிறகு எங்களைக் கூப்பிட்டார்கள்.

வாத்தியார் சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடியை எடுத்துச் சொன்னார். பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடியே வெடிக்காத ஊர். வருடா வருடம் பேப்பரில் வரும். கூட்டத்தின் பின்னாலிருந்து மீன் குத்தகைக்காரர் எழுந்தார். "அங்க குத்தகை யாரு எடுத்திருக்காகன்னு கேட்டுச் சொல்லுங்க சார்." எல்லோரும் சிரித்தார்கள். நாங்களும்தான். அவர் சிரிக்கவில்லை. மீன்குஞ்சு வாங்கிவிட்டது கடன். நீர்க்காகம் கூட்டமாக வளைத்து முக்குளிக்கிற காலையில் அவர் கரையில் வெடி போடுவார். நாங்கள் எண்ணிக்கொண்டிருக்கும்போதே போட்டிருக்கிறார். மொத்தமும் எழும்பி, வானத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, அவர் போனதும் அதே இடத்தில் இறங்கும்.

மனுவை வாங்கிக்கொண்டார்கள். தீர்மானம் எதுவும் இல்லை. அந்தக் கோடையில் பொக்லைன் வந்தது, நடுவில் தோண்டியது, மேற்கே திரும்பும் முன்பே நின்றுவிட்டது. மதிப்பீட்டுத் தொகை தீர்ந்துவிட்டதாம். எங்கள் குழுவில் சிலர் இதை வெற்றி என்று படம் போட்டார்கள். பணம் தீர்ந்ததற்கும் எங்கள் மனுவுக்கும் சம்பந்தமில்லை, அடுத்த நிதி வந்தால் பொக்லைன் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆனாலும் அடுத்த ஜனவரியில் அந்த மூலையில் பவளக்காலி 31. அக்கா மூன்று தடவை எண்ணினார். ஆள்காட்டி ஒன்று எங்களைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தது.

போன மாதம் மீன் குத்தகைக்காரர் எனக்குப் போன் செய்தார். நீர்க்காகத்தின் கணக்கு மட்டும் வேண்டும், மாதவாரியாக, பிரின்ட் எடுத்து. குத்தகைத் தொகையைக் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுக்கப் போகிறாராம். குழுவில் இரண்டு நாள் சண்டை. "நம்ம கணக்க வச்சே நாளைக்குப் பறவைய விரட்டச் சொல்லுவாரு" என்றான் ஒரு தம்பி. இருக்கலாம். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்றுதானே தளத்தில் ஏற்றுகிறோம், அவருக்கு மட்டும் எப்படி இல்லை என்பது என்றார் அக்கா. நான் பிரின்ட் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன், வேப்பமரத்தடியில் வலை பிரித்துக்கொண்டிருந்தார்.

தாளை வாங்கி விரலால் வரி வரியாக இறங்கினார். ஒரு வரியில் நின்றார். "அந்த வருசம் 212ன்னு போட்ருக்கீங்க. நானும் அன்னிக்கு எண்ணுனேன். முந்நூறுக்குக் கொறையாது."

எத்தனை மணிக்கு எண்ணினீர்கள் என்று கேட்டேன்.

"விடியிறதுக்கு முந்தி. நீங்கள்லாம் டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள பாதி போயிருது."