ஆற்றின் கீழே, ஆற்றின் மேலே

கொல்கத்தாவுக்கு நான் வந்து பதினாறு ஆண்டுகள் ஆகின்றன. இத்தனை காலத்தில் நான் அறிந்த கொல்கத்தா, லேக் மார்க்கெட் காப்பிப்பொடிக் கடையும், காளிகாட் நிலையமும், என் அலுவலகமுமே. ஊரிலிருந்து உறவினர் வந்தால் காளி கோயிலையும் விக்டோரியா நினைவகத்தையும் காட்டி அனுப்பிவிடுவது வழக்கம்.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகள், "இன்று உங்களுக்கு நான் ஊர் காட்டுகிறேன், அப்பா" என்றாள். டாக்சி கூடாது என்பது அவள் விதித்த நிபந்தனை. என் சட்டைப் பையிலோ சென்னைக்கு மாற்றல் கோரும் மனு இருந்தது. மாம்பலத்தில் என் தாயார் தனியே இருக்கிறார்; வயது எண்பது. மனுவுக்குத் திங்கட்கிழமை கடைசி நாள். மனைவி அறிவாள், இங்கேயே பிறந்து வளர்ந்த மகளிடம் இன்னும் சொல்லவில்லை. வழியில் சொல்லலாம் என்றெண்ணியே புறப்பட்டேன்.

காளிகாட்டில் மெட்ரோ ரயில் ஏறினோம். 1984 அக்டோபரில் எஸ்பிளனேடுக்கும் பவானிபூருக்கும் இடையே நாட்டின் முதல் மெட்ரோ ஓடியது இத்தடத்தில்தான். எஸ்பிளனேடில் இறங்கி ஹௌரா வண்டிக்கு மாறினோம். 2024 மார்ச்சில் திறந்த இத்தடம் ஹூக்ளி நதியின் அடியே செல்கிறது. ஆற்றைக் கடக்கும் பகுதி 520 மீட்டர். முக்கால் நிமிடத்தில் முடிந்துவிடும். ஆறு தலைக்கு மேல் இருப்பதை உணர்த்தச் சுரங்கத்தில் நீல ஒளி அமைத்திருக்கிறார்கள். "மூச்சை அடக்குங்கள்" என்றாள் மகள். அடக்கினேன். எதிரே அமர்ந்திருந்த வங்காளப் பெரியவரும் கன்னம் உப்ப அடக்கிக்கொண்டிருந்ததைக் கண்டதும் சிரித்துவிட்டேன். கரை சேருமுன்பே என் மூச்சுப் போயிற்று!

திரும்பும்போது படகு. ஹௌரா பாலத்தை அன்றுதான் முழுமையாகப் பார்த்தேன். 1943இல் திறக்கப்பட்டது, 26,500 டன் எஃகு, மரையாணி ஒன்றுகூட இல்லாமல் ரிவெட்டுகளாலேயே இணைத்தது. கோரமண்டல் விரைவு வண்டியிலிருந்து முதன்முதல் ஹௌராவில் இறங்கிய நாளில், டாக்சி ஜன்னல் வழியே கண்டது வெறும் இரும்பும் நெரிசலும்தான். அன்று எனக்கிருந்த கவலை, வாடகைக்கு வீடு கிடைக்குமா என்பது.

படகில் ஒரு மூதாட்டி என் மகளிடம், சொந்த ஊர் எதுவென்று வங்காளியில் கேட்டார். அவள் சற்றும் தயங்காமல் லேக் மார்க்கெட் என்றாள். என்னைக் கேட்டிருந்தால் தஞ்சாவூர் என்றிருப்பேன். நான் அங்கே வாழ்ந்தது பதினொரு ஆண்டுகள். அவள் இங்கே வாழ்ந்தது பதினைந்து. மனுவைப் பற்றிப் பேச நா எழவில்லை.

பாபுகாட்டில் இறங்கிப் பேருந்தில் இந்திய அருங்காட்சியகம் சென்றோம். 1814இல் தோன்றியது. எல்லோரும் எகிப்திய மம்மியைக் காணவே விரைகின்றனர். நானோ பார்ஹூத் தூபியின் சிவந்த கல்வேலியருகில் நின்றுவிட்டேன். மத்தியப் பிரதேசத்திலிருந்து பெயர்த்து வந்தவை அக்கற்கள். "கால் வலிக்கிறதா, அப்பா?" என்றாள் மகள். ஆமென்றேன்.

ஞாயிறு மாலை சொல்லிவிட்டேன். வெகுநேரம் பேசாதிருந்தவள், "சென்னையில் ஆறு உண்டா?" என்று கேட்டாள்.

"கூவம் உண்டு" என்றேன். அவள் சிரிக்கவில்லை. பாட்டிக்கு இரவில் யார் துணை என்று மட்டும் கேட்டாள்.

திங்களன்று மனுவைக் கொடுத்தேன்.