கொடியிலிருந்து பின்னோக்கி

செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்டு கோர்ஸின் முதல் டீயில் நின்றால், உலகம் கொண்டாடும் கோல்ஃப் மைதானம் இதுதானா என்று சந்தேகமே வரும். குளமில்லை, மரமில்லை. முதல் ஹோலும் பதினெட்டாவது ஹோலும் ஒரே புல்வெளியில் அருகருகே கிடக்கின்றன. வலப்பக்க வேலியைத் தாண்டாதவரை பந்து புல்லில்தான் விழும். அந்த அகலத்துக்காகத்தான் இந்த மைதானம் எனக்கு இத்தனை பிடித்திருக்கிறது. குறுகலான ஃபேர்வே நேராக அடிக்கச் சொல்வதோடு சரி. அகலமான ஃபேர்வேயில் எந்தப் பக்கம் அடிப்பது என்று நாமே முடிவு செய்யவேண்டும். அதற்கு அன்றைய கொடி எங்கே நடப்பட்டிருக்கிறது என்று முதலில் பார்க்கவேண்டும்.

பதினேழாவதான ரோடு ஹோலை எடுத்துக்கொள்ளுங்கள். 495 கஜம், பார் 4. ஓட்டலை ஒட்டிய கொட்டகைக்கு மேலாகப் பந்தை அனுப்பவேண்டும். வலது பக்கம் கொஞ்சம் பிசகினாலும் எல்லைக்கு வெளியே. பயந்து இடது பக்கம் அடித்தவர் அடுத்த அடியில் வட்டியும் முதலுமாகக் கட்டுவார். அங்கிருந்து பார்த்தால் சாய்வாகக் கிடக்கும் ஒடுங்கிய க்ரீனுக்கு முன்னால் ரோடு பங்கர் என்ற மணற்குழி, பின்னால் சாலை, அதற்கும் பின்னால் கல்சுவர். சாலையில் விழுந்த பந்தைச் சாலையிலிருந்தே அடிக்கவேண்டும். வலது ஓரத்தைத் துணிந்து எடுத்தவருக்கோ க்ரீன் நீளவாக்கில் திறந்துகொள்ளும். பங்கரின் வாய் சிறியதுதான். ஆனால் சுற்றியுள்ள தரை முழுக்க அதை நோக்கியே சரிகிறது. 1978 ஓபன் போட்டியில் டாமி நகாஜிமா க்ரீன் மேலிருந்து பட்டரால் தட்டிய பந்தே உருண்டுபோய் அதற்குள் இறங்கியது. அந்த ஹோலை அவர் 9 அடிகளில் முடித்தார்.

பந்தை உயரத் தூக்கி, விழுந்த இடத்திலேயே நிறுத்திப் பழகிய கை இங்கே புதிதாகக் கற்கவேண்டும். மணற்பாங்கான, இறுகிய தரை, ஒட்ட வெட்டிய மெல்லிய புல், ஓயாத கடற்காற்று. க்ரீனுக்கு முப்பது கஜம் வெளியே நின்றாலும் நான் பட்டரைத்தான் கேட்பேன். குழியைப் பார்த்து அடிப்பதில்லை. மேட்டின் தோளில் நிறம் மங்கிய ஒரு புல்திட்டைக் குறித்துக்கொண்டு, அதுவரை போகும் வேகத்தில் தட்டுவேன். பந்து ஏறும், தயங்கும், பிறகு சரிவு அதைக் கொடிப்பக்கம் திருப்பிவிடும். இந்த ஆட்டத்தில் அதைவிடப் பெரிய சுகம் எனக்கு வாய்த்ததில்லை. பதினெட்டாவது க்ரீனுக்கு முன்னுள்ள ‘பாவப் பள்ளத்தாக்கு’ என்ற பள்ளத்திலிருந்து 1995 ஓபனில் கான்ஸ்டான்டினோ ரோக்கா உருட்டிய பந்து ஏறிப்போய்க் குழியில் விழுந்ததும் இப்படித்தான்.

இதையெல்லாம் ஒரே ஆள் உட்கார்ந்து வரையவில்லை. 1764-ல் 22 ஹோல்கள் 18 ஆயின. புதர் வெட்டப்பட்டு ஃபேர்வே விரிந்தது பின்னால். ஏழு க்ரீன்களை இரண்டிரண்டு ஹோல்கள் பகிர்ந்துகொள்கின்றன. எந்த ஜோடியின் எண்களைக் கூட்டினாலும் 18 வரும். முன்பு எதிர்த்திசையிலும் ஆடினார்கள். அதனால்தான் பன்னிரண்டாவது ஹோலின் நடு ஃபேர்வே பங்கர்கள் டீயிலிருந்து கண்ணுக்கே தெரிவதில்லை. இது அநியாயம் என்பவர்கள் உண்டு. எனக்கு அப்படிப் படவில்லை. நிலத்தை நினைவில் வைத்துக்கொள்வதும் ஆட்டத்தின் பாதி. அமெரிக்க ஆட்டக்காரர் பாபி ஜோன்ஸுக்கும் அது உடனே பிடிபடவில்லை; இங்கே நடந்த 1921 ஓபனில் பதினொன்றாவது ஹோலில் ஆட்டத்தையே கைவிட்டார். 1927-ல் அதே மைதானத்தில் ஓபனை வென்றார். இந்த மைதானத்தை அளந்து 1924-ல் வரைபடம் தீட்டிய அலிஸ்டர் மெக்கன்ஸியோடு சேர்ந்து அவர் பிற்பாடு அகஸ்டா மைதானத்தை அமைத்தபோது, அங்கும் ஃபேர்வேக்கள் அகலமாகவே இருந்தன.

இங்கே ஆடப்போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பெரிய போட்டிகள் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டம் கிடையாது. மைதானம் ஊர்க்காரர்கள் உலாவும் இடமாகிவிடும். அன்றைக்கு மட்டை இல்லாமல் போங்கள். பதினெட்டாவது க்ரீனில் தொடங்கிப் பின்னோக்கி நடங்கள். ஒவ்வொரு க்ரீனின் முன்விளிம்பிலும் நின்று டீ இருக்கும் திசையைத் திரும்பிப் பாருங்கள். இரண்டாவது அடியை எங்கிருந்து அடித்திருக்கவேண்டும் என்பது அங்கிருந்துதான் தெரியும்.