புறவாசல் விளக்கு

அதிகாலை நாலரை மணிக்கு எங்கள் வீட்டில் இரண்டு சத்தங்கள் கேட்கும். ஒன்று, என் கணவரின் குறட்டை. மற்றொன்று, என் செல்போன் அலாரம். முதலாவதை நிறுத்த இன்று வரை மார்க்கம் தெரியவில்லை. இரண்டாவதை நிறுத்திவிட்டு, தலையணையில் முகத்தைப் புதைத்தபடியே ஒற்றைக் கண்ணால் போனைப் பார்ப்பேன். 'புறவாசல் விளக்கு எரிகிறது' என்று இருக்கும். அப்பாடா என்று மறுபடியும் கண்ணை மூடிக் கொள்வேன்.

அந்த விளக்கு எரிவது எங்கள் வீட்டில் அல்ல. சென்னையிலிருந்து ஒரு ராத்திரிப் பிரயாண தூரத்திலுள்ள வாசுதேவநல்லூரில், என் மாமியார் வீட்டில்.

அத்தைக்கு வயது எழுபத்தெட்டு. எழுந்ததும் மேற்கே மலையைப் பார்க்காவிட்டால் அவருக்குப் பொழுது விடியாது. பட்டணத்துக்கு வரச் சொன்னால், "உங்க ஊரில எந்திரிச்சா எதுத்த வீட்டுக் கொடியில காயிற துணியத்தான பாக்கணும்?" என்பார். வீடு பழைய வீடு. தார்சா, பட்டாசல், அரங்கு, அடுக்களை என்று ரயில் பெட்டி மாதிரி நீண்டு கொண்டே போகும். கடைசியில் இரண்டு படி இறங்கினால் புறவாசல், குளியலறை அங்கேதான். போன ஐப்பசி மழையில் இருட்டிலே அந்தப் படியில் சறுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக் கொண்டார். அதற்குப் பிறகுதான் அயல்நாட்டில் வேலை பார்க்கும் என் மகன் லீவில் வந்து, நாலு ஸ்மார்ட் சுவிட்சுகளை மாட்டிவிட்டுப் போனான். காலை நாலே காலுக்குப் புறவாசல் விளக்கு தானாக எரியும். விளக்கு எரியாமல் படி இறங்குவதில்லை என்று பேரனுக்குச் சத்தியம் வேறு செய்து கொடுத்தார் அத்தை.

சென்ற மாதம் ஒரு நாள் போனைப் பார்த்தால், 'புறவாசல் விளக்கு - தொடர்பு இல்லை' என்று இருந்தது. அத்தைக்குப் போன் செய்தேன். மணி அடித்துக் கொண்டே இருந்தது. மறுபடியும் செய்தேன். குறட்டை நின்றது, அவரும் எழுந்து உட்கார்ந்தார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே பயமாக இருந்தது. அடுத்த வீட்டுத் தம்பியை எழுப்பி, அவர் சுவரேறிக் குதித்து உள்ளே போய்த் திரும்பப் பேசுவதற்குள் பதினைந்து நிமிஷம் ஆயிற்று. அந்தப் பதினைந்து நிமிஷத்தில் நான் வேண்டிக் கொள்ளாத தெய்வம் பாக்கியில்லை.

அத்தை அடுக்களை வாசற்படியில் இருட்டிலே உட்கார்ந்திருந்தாராம். போன் பட்டாசலில் சார்ஜில் கிடந்திருக்கிறது. "விளக்கு எரியல. அதான் எறங்கல. நீங்கதான எறங்கப்படாதுன்னு சொன்னீக?" என்றார்.

என் கணவர் ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "இனிமேல் அம்மாவை அங்கே தனியாக விட முடியாது." எனக்கோ மனசு கேட்கவில்லை. "நான் போய் விளக்கைச் சரி பண்ணிப் பார்க்கிறேன். முடியாவிட்டால் அழைத்து வருகிறேன்" என்று சொல்லி, பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறி, ராஜபாளையத்தில் இறங்கி, தென்காசி பஸ்ஸைப் பிடித்தேன்.

சுவிட்சு விற்ற கடைக்காரர், "சுவிட்சு போச்சும்மா, புதிது வாங்குங்கள்" என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார். உள்ளூர் எலெக்ட்ரீஷியன் பையன் அவ்வளவு அவசரப்படவில்லை. "அக்கா, சுவிட்சு நல்லாத்தான் இருக்கு. அதுக்குக் காது கேக்கல, அம்புட்டுத்தான்" என்றான். எவ்வளவு சரியான வார்த்தை! எங்கள் வீட்டிலுள்ள வகைக்கு, எரி என்ற உத்தரவு எங்கோ ஒரு தேசத்துக் கம்ப்யூட்டரிலிருந்து புறப்பட்டு வீட்டு ரௌட்டருக்கு வந்து, அங்கிருந்து வைஃபை வழியாகப் புறவாசலுக்குப் போக வேண்டும். கடல் தாண்டி வருகிற உத்தரவு கடைசி நாற்பது அடியில் நின்றுவிடுகிறது.

போனில் வைஃபையின் பலத்தை எண்ணாகவே பார்க்கலாம் என்று காட்டினான். மைனஸ் 50 என்றால் பேஷ். மைனஸ் 70 வரை காலம் தள்ளலாம். மைனஸ் 80-ஐத் தாண்டினால் அந்த இடத்தில் சுவிட்சு இருந்தும் இல்லாத மாதிரிதான். போனைக் கையில் ஏந்திக் கொண்டு, கற்பூரத் தட்டு மாதிரி, அறை அறையாகப் போனோம். புறவாசலில் மைனஸ் 88. அது போகட்டும், தார்சாவிலேயே மைனஸ் 70! ரௌட்டர் இருக்கிற இடத்திலேயே இப்படியா?

அண்ணாந்து பார்த்தேன். சுவர்ப் பலகையில் ரௌட்டரைக் காணோம். ஒயர் மட்டும் அரங்குக்குள் போயிற்று.

"அத்தை, இங்கே இருந்த டப்பா எங்கே?"

அத்தை முந்தானையைத் திருகினார். "ராத்திரி பூரா பச்சைக் கண்ண முழிச்சு முழிச்சுப் பாத்துச்சும்மா. ஒறக்கமே வரல. பால்காரப் பயலைவிட்டுப் பரண் மேல வைக்கச் சொன்னேன்."

பரணில் ஏறிப் பார்த்தால், அத்தை கல்யாணத்துக்கு வந்த சீர் வரிசையெல்லாம் கொலுவிருக்கிறது. இரண்டு பித்தளை அண்டா, நாலு தவலை, ஒரு வெண்கல உருளி. அத்தனைக்கும் பின்னால், சிறைப்பட்ட சீதை மாதிரி எங்கள் ரௌட்டர்! உலோகத்தின் மேல் வைஃபை பட்டால் கண்ணாடியில் பட்ட வெளிச்சம் மாதிரி திரும்பிவிடும்.

கோபம் வரத்தான் செய்தது. ஆனால் அத்தை மெதுவாக, "இதுக்காக என்னைப் பட்டணத்துக்குக் கூட்டிட்டுப் போயிர மாட்டீகளே?" என்று கேட்டபோது, நான் ஏணியிலிருந்து இறங்கி, அந்தப் பச்சை விளக்குகளின் மேல் கறுப்பு டேப்பை ஒட்டிக் கொடுத்தேன். வேறென்ன செய்ய?

ரௌட்டர் பழைய இடத்துக்கு வந்ததும் புறவாசலில் மைனஸ் 79. விளிம்பிலே நிற்கிற கணக்கு; முன்பெல்லாம் விளக்கு எரிந்ததே அதிர்ஷ்டம்தான் போலிருக்கிறது. நடுவிலே மூன்று சுவர், ஒவ்வொன்றும் ஒன்றரை அடி. இந்த ஊர்ச் சுவர்களுக்கு ஒரு கியாதி உண்டு. 1767-ல் கர்னல் டொனால்ட் காம்ப்பெல் இங்கிருந்த மண் கோட்டையைப் பீரங்கியால் அடித்தபோது, ஓட்டை விழ விழ உள்ளேயிருந்தவர்கள் வைக்கோலும் பனையும் கொண்டு அடைத்தார்களாம். பீரங்கிக்கே அப்படியென்றால் பாவம், வைஃபை என்ன செய்யும்!

வைஃபையிலும் இரண்டு ஜாதி இருக்கிறது. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது. சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் நிதானம். ஆனால் சுவர் தாண்டும். கல்யாண வீட்டுத் தவில் நாலு தெரு கேட்கிறது, புல்லாங்குழல் பந்தலைத் தாண்டுவதில்லை, அந்த மாதிரி. இந்தச் சுவிட்சுகளில் பெரும்பாலானவற்றுக்குத் தவில் மட்டும்தான் கேட்கும். இரண்டுக்கும் ரௌட்டரில் ஒரே பெயர் இருந்ததால் சுவிட்சைத் திரும்பச் சேர்க்கும்போது தகராறு செய்தது. பெயரைத் தனித்தனியாக்கி, போனை 2.4-இல் வைத்துக் கொண்டு செய்ததும் சொன்னபடி கேட்டது.

பிறகு ரௌட்டரைப் பட்டாசலின் நடுச் சுவரில், தலை உயரத்துக்கு மேல் மாட்டினோம். மைனஸ் 71. புறவாசல் சுவிட்சைக் கழற்றினால், சுவருக்குள் இரும்புப் பெட்டி! வாயைப் பொத்தி வைத்துவிட்டுப் பாடச் சொன்ன கதை. மெயினை அணைத்துவிட்டுப் பையன் அதைப் பெயர்த்து, பிளாஸ்டிக் பெட்டி வைத்தான். மைனஸ் 63. கரண்ட் போய் வந்தால் ரௌட்டர் விழித்துக் கொள்ள இரண்டு மூன்று நிமிஷம் ஆகிறது என்பதால், அதை இன்வெர்ட்டரில் சேர்த்தோம்.

எல்லாம் முடிந்து காப்பி குடிக்கும்போது பையன் தலையைச் சொறிந்தான். "அக்கா, சுவிட்சு படிக்குக் கீழேல்ல இருக்கு? வைஃபை இல்லாட்டி ஆச்சி இருட்டுலதான இறங்கிப் போய்ப் போடணும்? கட்டில் பக்கத்தில சாதா சுவிட்சு ஒண்ணு வச்சு, படிக்கு நேரா தனியா ஒரு பல்பு போட்டுருவமா?"

முதல் நாளே செய்திருக்க வேண்டியது! என்ஜினீயர் மகனுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அரை நாள் வேலையில் முடிந்தது.

சென்னைக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. நாலே காலுக்கு விளக்கு தவறாமல் எரிகிறது. நடுவே ஒரு நாள் ஐந்து மணிக்கு அது அணைந்து, எரிந்து, அணைந்து, எரிந்தது. மறுபடியும் கோளாறோ என்று பதறிப் போன் செய்தேன்.

"நான்தாம்மா அமுக்கினேன். நான் இங்கன அமுக்கினா உனக்கு அங்கன தெரியும்னு அந்தப் பய சொன்னான். குளிச்சாச்சுன்னு ஒனக்குத் தெரியணும்லா?" என்றார் அத்தை.

இப்போது தினமும் ஐந்து மணிக்கு இரண்டு தடவை. காப்பி குடித்ததற்கும் ஏதாவது அடையாளம் வைத்துக் கொள்ளலாமா என்று நேற்றுக் கேட்டார்.